கயிறு சொன்ன உத்தரவு

போன மாதம் செஞ்சிக்குப் போய்விட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினேன். இன்னும் மனசு ஆறவில்லை.

சிங்கவரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அதன் பஞ்சாயத்துத் தலைவர் என் பழைய சிநேகிதர். லஞ்சம் தொடமாட்டார். "எதுன்னாலும் சாமிய கேட்டுத்தான் செய்வேன்" என்பார். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

நிஜமாகவே கேட்கிறார், ஐயா!

நான் அங்கே இருக்கும்போதே காலனியிலிருந்து அஞ்சலை என்ற பெண் அவர் வீட்டுக்கு மனுவோடு வந்தாள். குடிதண்ணீருக்கு ஒரு கிணறு வேண்டும். நிறைமாத மருமகள் ஒரு மைல் குடம் தூக்குகிறாளாம்.

தலைவர் கால் கழுவிக்கொண்டு வந்தார். பூஜை அறையிலிருந்து தடித்த சாமி புத்தகம் ஒன்றை எடுத்தார். கண்ணை மூடி, ஏடுகளுக்கு நடுவே ஒரு கயிற்றைச் சொருகினார். பிரிகிற பக்கம்தான் உத்தரவு! கல்யாணம், பயணம் என்றால் நம் வீடுகளிலும் கயிறு சாத்திப் பார்ப்போம். ஆனால்... கிணற்றுக்கா?

வந்தது, பொறுமையின் பெருமை.

"பொறுக்கச் சொல்லுதும்மா" என்றார். மனு அலமாரிக்குப் போயிற்று. மூன்று வருஷமாக அஞ்சலைக்கு இதே பதிலாம்!

எனக்குச் சந்தேகம் தட்டியது. புத்தகத்தை வாங்கி மேஜைமேல் வைத்தேன். அது தானாகவே அதே பக்கத்தில் விரிந்தது. தலைவரின் மனைவி தினமும் பாராயணம் செய்கிற பக்கம் அது. அங்கே தையல் விட்டுப்போய் இடைவெளி விழுந்திருந்தது. கயிறு வேறெங்கே போகும்? மூன்று வருஷம் ஒரு காலனியின் தாகத்துக்குப் பதில் சொன்னது கிழிந்த பைண்டிங்!

தலைவரிடம் காட்டினேன். மனுஷன் பதற வேண்டாமா?

"அப்டீன்னா சாமி பேச்சு மாத்தல, பாத்தியா" என்றார்.

வாசலில் நின்ற அஞ்சலைதான் மெதுவாகக் கேட்டாள்.

"உங்க கயனி பம்ப்செட்டுக்கு கரண்ட் எழுதிக் குடுத்தீங்களே ஐயா... அதுக்கு கயிறு சாத்துனீங்களா?"

தலைவர் கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியைத் திறந்து மனுவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

நானும் சாமி கும்பிடுகிறவன்தான். புத்தகம் நல்ல புத்தி சொல்லட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் பதவியில் இருப்பவர் தன் காரியத்துக்கு மூளையையும் ஊர்க் காரியத்துக்குக் கயிற்றையும் வைத்துக்கொண்டால், அதற்குப் பெயர் பக்தியா?

நேற்று தலைவரிடமிருந்து கடிதம். காலனிக் கிணற்றில் ஊற்று கண்டுவிட்டதாம்.

சாமி கோபித்துக்கொண்டதாக ஒரு வரிகூட இல்லை!