நானே அழித்த விரல் எண்கள்

பியானோ மிஸ் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவர் காலமாகிவிட்டார் என்று கேள்வி. அதற்காகக் கோபத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

செங்கல்பட்டில் எங்கள் வீடு. அத்தா மாமல்லபுரம் கடற்கரையோர விடுதிகளுக்கும் பங்களாக்களுக்கும் ஏசி பழுது பார்ப்பவர். சதுரங்கப்பட்டினத்தில் தனியாக இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டுக்கும் அவர்தான் போவார். உடம்புக்கு முடியாமல் அந்த அம்மா தன் நாட்டுக்கே கிளம்பியபோது, அவருக்குப் பத்து வயதில் மகள், அதாவது நான், இருப்பதைக் கேட்டு, தன் பழைய பியானோவை அத்தாவிடம் கொடுத்துவிட்டார்.

டெம்போவில் பியானோவோடு ஒரு அக்காவும் வந்தார். அந்த வீட்டில் சமையலும் மேல்வேலையும் பார்த்தவர், அதே ஊர் மீனவக் குப்பத்துக்காரர். நாலு பேர் பியானோவை இறக்கி முடிக்கும்வரை, துண்டில் சுற்றிய ஒரு இசைப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, நம்பர் போட்டுகீது பாரு. அதும்படி வெரல வச்சிகினு போ, தானா வந்துரும்."

மிகப் பழைய அச்சு. தாள் அப்பளம் போல நொறுங்கும். எந்தக் கட்டையை எந்த விரலால் அழுத்த வேண்டும் என்று ஸ்வரங்களுக்கு மேல் எண் போட்டிருப்பார்கள். கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. அந்தக் காலத்து அச்சிலோ கட்டைவிரலுக்குக் கூட்டல் குறி, ஆள்காட்டி விரலிலிருந்துதான் ஒன்று. குழப்பம் வராதபடி, பக்கம் பக்கமாகப் பென்சிலால் புது எண்கள் எழுதியிருந்தன. வெள்ளைக்கார அம்மாவின் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். அக்கா சொன்னபடியே செய்தேன். கோடை விடுமுறை முடிவதற்குள் முதல் பக்கம் கைக்கு வந்துவிட்டது.

பள்ளி திறந்ததும் மிஸ்ஸிடம் சேர்த்துவிட்டார்கள். புத்தகத்தைத் திறந்த உடனே அவர் முகம் சுளித்தார்.

"யார் இதுல கிறுக்கினது? வலது கைக்கு நாலாம் விரலே கிடையாதா? பூரா தப்பு. வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் அழிச்சிட்டு வா."

யார் எழுதியது, ஏன் எழுதியது என்று அவர் விசாரிக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது பியானோத் தேர்வு ஒன்றுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கை, ஒரே விரல். நானும் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை. ஒரு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, தாள் கிழியாமல், ஒரு எண் விடாமல் அழித்தேன். அந்த இடத்தில் மிஸ் சிவப்பு மையில் தன் எண்களை எழுதினார்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா வந்தார். கூடையில் எங்களுக்காக வஞ்சிரம்.

"ஒரு தபா வாசிச்சிக்கவா பாப்பா?"

அவருக்கு வாசிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. வலது கை மோதிரவிரல் விறைத்து நீட்டியபடியே நிற்க, மற்ற விரல்கள் அதைச் சுற்றிக்கொண்டு ஓடின. சின்ன வயதில் கரைவலைக் கயிறு இறுக்கியதில் மடங்காமல் போன விரல் அது. முதல் இரண்டு வரி மனப்பாடமாக வந்தது. மூன்றாவதில் நின்றார். புத்தகத்தின் மேல் குனிந்தார். அடுத்த பக்கம் புரட்டினார், அதற்கடுத்ததையும்.

"மிஸ் அழிக்கச் சொன்னாங்க. நானே அழிச்சேன்" என்றேன்.

"நல்லா அழிச்சிகீற பாப்பா. புக்கு புச்சு மாரி கீது."

டீ போட்டுக்கொண்டிருந்த அம்மா வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவளாகி வெளிநாடு போனபோது, ஒரு நூலகத்தில் இதே மாதிரிப் புத்தகம் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். யாரோ ஒரு சீமாட்டி தன் பிரதியில் பென்சிலால் விரல் எண் எழுதியிருந்தாராம். அதை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஒருவர் பட்டமே வாங்கியிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சீமாட்டி எழுதினால் கண்ணாடிப் பெட்டி. சதுரங்கப்பட்டினத்துக்காரி எழுதினால் ரப்பரா? எழுதியது அக்காதான் என்று அத்தா எனக்குச் சொன்னதே வெகுகாலம் கழித்துத்தான். ஏசி பார்க்கப் போகும்போதெல்லாம், சமையல் முடிந்த வேளையில் அக்கா ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்து எண் எழுதுவதை அத்தா கண்டிருக்கிறார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தாராம்.

அக்கா வந்துபோன அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. அத்தா வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும், பக்கத்தில் போய்ப் பெருமையாகச் சொன்னேன்: "அத்தா, நான் அழிச்சது புதுசு மாதிரி இருக்குன்னு அந்த அக்காவே சொன்னாங்க!"

அத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.