நோன்பு நாளில் உப்புப் பார்த்தவள்

வேலையைவிட்டுத் துரத்திவிட்டார்கள் என்று சொல்கிறவள் வாய் வலிக்கும்வரை சொல்லட்டும். என் சின்ன மருமகளை யாரும் துரத்தவில்லை, அவளாகத்தான் வெளியே வந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரிக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது, எங்கள் வீட்டு விஷயம் மட்டும் கதவிடுக்கில் தெரிந்துவிடுமாம். நோன்பு நோன்பு என்று சொல்லிக்கொண்டு கம்பெனி பிஸ்கட்டைத் தின்று மாட்டிக்கொண்டாளாம். இவள் போய்ப் பார்த்தாளா?

பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை அவளுக்கு. அடுப்பிலிருந்து ஒவ்வொரு ஈடு இறங்கும்போதும் ஒன்றைக் கடித்துப் பார்த்து, உப்பு சரி, இனிப்பு சரி என்று சொல்ல வேண்டும். அவள் சொன்னால்தான் சரக்கு பேக்கிங்குக்குப் போகும். வாரத்தில் ஒரு நாள் அவளுக்கு நோன்பு. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. உடம்பு கெட்டுப்போகும் என்று நானே எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். கேட்கமாட்டாள்.

சேரும்போதே இதைச் சொல்லித்தான் சேர்ந்தாள். அந்த ஒரு நாள் மட்டும் இவள் பேக்கிங்குக்குப் போவாள், பேக்கிங்கில் இருக்கிற நெட்டைப் பெண் இவள் இடத்தில் உட்காருவாள். பழைய மேனேஜர் செய்துகொடுத்த ஏற்பாடு. ஒரு குறையும் வந்ததில்லை.

புது மேனேஜர் வந்ததும் அதை நிறுத்தினார். உன் நாக்குக்குத்தான் சம்பளம், வேண்டுமானால் கடித்துவிட்டுத் துப்பிக்கொள் என்றார். அவள் தங்கள் கோயில் பெரியவரிடம் போய்க் கேட்டாள். தொண்டைக்குக் கீழே போகாதவரை நோன்பு முறியாது என்று அவர் சொன்னார். சரியென்று மேஜைமேல் ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டாள். கடிப்பாள், மெல்லுவாள், துப்புவாள், வாய் கொப்பளிப்பாள்.

அங்கேதான் வினை பிடித்தது. துப்புகிறவளுக்கு என்ன ருசி தெரியும், சும்மா தலையாட்டுகிறாள் என்று மேனேஜருக்குச் சந்தேகம். இவளோடு சேர்ந்து கும்பிடப் போகிற பேக்கிங் பெண்களுக்கோ, வாயில் போட்டவள் விழுங்காமலா இருப்பாள் என்று சந்தேகம். கதவுக் கண்ணாடி வழியாக யாராவது ஒருத்தி இவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம். எச்சில் விழுங்கக்கூடப் பயந்துபோனாள், பாவம். நெட்டைப் பெண் மட்டும் ஒட்டி ஒட்டிப் பேசினாள். அவளை நான் அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. அந்த நாற்காலிமேல் அவளுக்கு ஒரு கண்.

ஒரு நோன்பு நாளில் மேனேஜரே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேனேஜர் தட்டுத் தூக்கினால் சும்மாவா இருக்கும்? இவள் கடித்தாள், துப்பினாள், கொப்பளித்தாள். இதில் உப்பே போடவில்லையே சார் என்றாள்.

வேண்டுமென்றே உப்பில்லாமல் சுட்டது. தெரியவில்லை என்றால் வேலையில் பொய் என்று பிடித்திருப்பார். தெரிந்துவிட்டது. விட்டாரா?

"அப்ப முழுங்கிட்டேன்னு சொல்லு. நோன்பெல்லாம் நாடகம்" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். இவள் கிண்ணத்தைக் காட்டினாள். அதில் இருப்பது முழுசா பாதியா என்று யாருக்குத் தெரியும், வாயைத் திற பார்க்கலாம் என்றார்.

அதிர்ந்து பேசாதவள் என் மருமகள். அன்றைக்குப் பேசினாள்.

"வாயைத் தொறந்து பார்க்க நீங்க என்ன பல் டாக்டரா சார்? உப்பு இருக்கான்னு பார்க்கத்தான் சம்பளம், இல்லைன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல என் தொண்டை விஷயம் எனக்கும், மேல இருக்கறவனுக்கும் நடுவுல."

நோன்பை விடு, இல்லையென்றால் நாற்காலியை விடு என்றார் அவர். இவள் தலையில் போட்டிருந்த வலைத் தொப்பியைக் கழற்றினாள், முன்னால் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்தாள், இரண்டையும் நாற்காலிமேல் வைத்தாள்.

வாசலில் காவல்காரர் பையைத் திறக்கச் சொன்னார். எல்லாரிடமும் கேட்கிறதுதான், ஆனால் அன்றைக்கு அடிவரை கைவிட்டுத் துழாவினாராம். அதற்குள் யாரோ போன் போட்டிருக்க வேண்டும். பையில் இருந்தது ஒரு சீப்பு, பஸ் டிக்கெட், பொழுது சாய்ந்தபின் குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில். அவர் துழாவி முடிக்கும்வரை நின்றாள். பிறகு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு வெளியே நடந்தாள்.