முப்பத்தோராவது அடுக்கு

மார்பகப் புற்றுநோயை அடுக்கடுக்காகப் படம்பிடித்துக் காட்டும் புது எக்ஸ்ரே இயந்திரத்துக்குச் சுழலும் கை செய்தவர் அந்த ஃபிட்டர். படிப்பு பத்தாவதுதான். அந்தக் கை இம்மியளவு அதிர்ந்தாலும் படம் கலங்கிவிடும் என்பதால் ஏழு வருடம் அரமும் கையுமாக அதோடு மல்லுக்கட்டினார். மார்பகத்துக்குப் பதிலாக ஒரு மெழுகுப் பாளத்தில் கட்டிபோலச் சுண்ணாம்புத் துகள்களைப் புதைத்து, அவை படத்தில் தெரிகின்றனவா என்று பார்ப்பார்.

வீட்டிலும் அதே பேச்சுதான். "பழைய மெஷின் எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணாக் காட்டும். எது கட்டி, எது சதைன்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

"அப்ப உங்க மெஷின் வரட்டும், அதுலயே பாத்துக்கறேன்" என்பாள் மனைவி. "மெழுகு மேல இருக்கற அக்கறைல பாதி எனக்கும் கிடைக்கும்ல." பழைய இயந்திரத்தில் மார்பகப் பரிசோதனைக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரி அனுப்பிய மூன்று கடிதங்களையும் அவள் பிரிக்கவே இல்லை.

புது இயந்திரத்தின் சோதனைக்கு முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான். இயந்திரத்தின் கை அதிராமல் சுழன்றது. முப்பத்தோராவது அடுக்கில் கட்டி தெளிவாகத் தெரிந்தது, அக்குள்வரை பரவியிருந்தது.

"பழைய மெஷின்ல இது தெரிஞ்சிருக்காதில்ல, டாக்டரம்மா?" என்று கேட்டார் ஃபிட்டர்.

டாக்டர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா பழையதுலயே தெரிஞ்சிருக்கும்ங்க."

உடை மாற்றிக்கொண்டு வந்த மனைவி, "படம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள்.

"நல்லா வந்திருக்கு" என்றார் அவர்.