செம்மண்ணில் பிடித்த பந்து

சித்தப்பா பிடித்தது அவுட்டா, சிக்ஸா என்ற வழக்கு எங்கள் ஆட்களுக்குள் இன்னும் தீரவில்லை. இத்தனைக்கும் தீர்ப்பை அடுத்த நாளே நான் சொல்லிவிட்டேன். எட்டு வயதுப் பெட்டையின் பேச்சை யார் கேட்டார்கள்!

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் ஓரத்தில் ஒரு பேஸ்போல் மைதானம் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் ஆட்கள் அங்கே போய்க் கிரிக்கெட் ஆடுவார்கள். புல்வெளி முடிகிற இடத்தில், கம்பிவேலியை ஒட்டிச் சுற்றிவர ஒரு செம்மண் பட்டை. பவுண்டரி போட்டே தந்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் ஒரே புளுகம், துள்ளாத குறை. செம்மண்ணில் நின்று பிடித்தால் அவுட் இல்லை, சிக்ஸ். அதுதான் சட்டம்.

சித்தப்பா ஊரிலிருந்து வந்து கொஞ்சக் காலம்தான். இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோ அவரிடம் இல்லை என்று அம்மா குரலைத் தாழ்த்திச் சொல்வார். அப்பாவின் பெர்மெஸ்ஸோ அலுமாரிக்குள் இருந்தது. சித்தப்பாவுக்கு அலுமாரியே இல்லையே, வாங்கி எங்கே வைப்பார் என்று நான் யோசித்தேன்.

அன்று கடைசிப் பந்து. எதிர்ப்பக்கம் வெல்ல ஐந்து ஓட்டம் வேண்டும். அடித்த பந்து வானத்துக்குப் போனது. சித்தப்பா அண்ணாந்தபடியே வேலிப்பக்கம் ஓடினார். "செம்மண், சித்தப்பா, செம்மண்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த நேரம் பார்த்து, நீலச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் விசில் ஊதிக்கொண்டு வாசலால் வந்தார். செம்மண்ணில் நின்று பந்தைப் பிடித்த சித்தப்பா அவரைக் கண்டார். அவ்வளவுதான், வேலியில் ஏறிக் குதித்துப் பந்தோடு ஓடிவிட்டார்.

வந்தவர் அங்கே புல் வெட்டுகிறவர். வழக்கைக் கேட்டுச் சிரித்தார். பேஸ்போலில் செம்மண்ணும் மைதானம்தானாம். மேலே பார்த்து ஓடுகிறவனுக்கு வேலி கிட்ட வந்துவிட்டது என்று காலுக்குத் தெரியத்தான் அந்த மண்ணாம். ஆகவே அவுட் என்றார். எதிர்ப்பக்கம் விடுமா?

பொழுதுபட்டும் சித்தப்பா வரவில்லை. அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா பல்கணிக்கும் கதவுக்குமாக நடந்தார். அப்பா தெரிந்த வீடுகளுக்கெல்லாம் டெலிபோன் எடுத்தார். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரே பந்து அது!

விடிந்த பிறகுதான் வந்தார். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு சிநேகிதனின் அறையில் கிடந்தாராம்.

"அவன் பொலிஸ் இல்லையடா, புல்லு வெட்டுறவன்!" என்று அப்பா ஏசத் தொடங்கி, பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் விடவில்லை. "கால்ல மண் பட்டது தெரியேல்லையோ, சித்தப்பா?"

"தெரிஞ்சது பிள்ளை. தெரிஞ்சபடியாத்தான் ஓடினனான்."

"அப்ப சிக்ஸ்தான்," என்றேன். அவர் பந்தை என் கையில் தந்தார்.

அதற்குப் பிறகு சித்தப்பா மைதானப் பக்கமே வரவில்லை. தோற்ற ரோசமாக்கும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.