ஹாரனைப் பிடுங்கி முகத்தைச் சூடாக்கியது

நாள் முழுவதும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பேசுகிறவள் நான். வாய் மரத்துப்போய் வெளியே வருகிறவர்கள்கூட என்னிடம் இரண்டு வார்த்தை குழறிவிட்டுத்தான் போவார்கள். தகனினியில் உள்ள வீட்டில் இருந்து மவுண்ட் வெல்லிங்டனில் உள்ள மருத்துவமனை வரை ஸ்கூட்டரில் போகும் நேரம் ஒன்றுதான் நான் வாயை மூடியிருப்பது. அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

பிரச்சினை என் மூச்சு. பூமியின் இந்தத் தென்கோடியில் ஜூன்தான் குளிர்காலம். அந்த ஈரக் குளிரில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினால் உள்ளே ஆவி படிந்துவிடும். மூக்குக் கண்ணாடியில் தனியாக இன்னொரு படலம். தூக்கினால் மழை கண்ணில் அடிக்கும். ஒரு நாள் தூக்கிவிட்டே ஓட்டிவந்து, சிவந்த கண்களோடு வாசலில் நின்றேன்.

"யாராவது திட்டிட்டாங்களா?" என்றார் கணவர்.

"இல்லங்க. மழை."

"இந்த மாசம் முடியிற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள கண்ணு தெரியிற மாதிரி ஏதாவது செஞ்சா ஓட்டு. இல்லன்னா வண்டியை வித்துட்டு என்கூட கார்ல வந்துடு."

அவருடைய காரில் போவதென்றால் காலை ஆறு மணிக்கே கிளம்பவேண்டும். வழியெல்லாம் பங்குச்சந்தைப் பேச்சு ஓடும்.

எதிர்வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருக்கிறார், வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். அவருடைய தம்பி கனடாவில் பனியில் ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர். என் புலம்பலைக் கேட்ட அண்ணா, தம்பியிடம் சொல்லி அவருடைய பழைய ஹெல்மெட்டை வரவழைத்தார். அதன் கண்ணாடிக்கு மின்சாரம் கொடுத்தால் சூடாகும், ஆவி படியாது.

"சனிக்கிழமை வாறன் தங்கச்சி. நானே வயர் இழுத்துப் பூட்டித் தாறன்" என்றார்.

அன்று திங்கள்கிழமை. சனிக்கிழமை வரை பொறுக்கிறவளா நான்? ஐந்து வீடியோ பார்த்தேன், எலக்ட்ரீஷியன் ஆகிவிட்டேன். பேட்டரியில் நேராகக் கொடுக்காதே, வண்டி நிற்கும்போதும் சார்ஜ் இறங்கிவிடும், சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வயராகத் தேடு என்று ஐவருமே சொன்னார்கள். முன்பக்க மூடியைக் கழற்றியதும் கண்ணில் பட்டது ஹாரன்.

திருச்சியில் ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் ஓட்டியவள் நான். இங்கே வந்த ஆறு வருடத்தில் அடித்தது இரண்டு தடவை, அதில் ஒன்று வண்டி துடைக்கும்போது. இந்த ஊரில் இது எதற்கு என்று தோன்றியது. ஹாரனில் இருந்த இரண்டு வயரையும் உருவி, ஹெல்மெட் வயரோடு முறுக்கி, டேப் சுற்றினேன். பொத்தானை அமுக்கினால் கண்ணாடி சூடானது. விட்டால் ஆறியது. வேண்டும்போது மட்டும் சூடு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று நாள் இடது கட்டைவிரலை ஹாரன் பொத்தானில் ஊன்றியபடியே வேலைக்குப் போய்வந்தேன். இண்டிகேட்டர் போட விரலை எடுத்தால் உடனே மங்கும். அவசரமாகத் திரும்பிவிட்டு மறுபடி அமுக்குவேன்.

வெள்ளிக்கிழமை காலை, எங்கள் தெருவிலேயே, ஒரு வெள்ளை வேன் வீட்டு வாசலில் இருந்து ரிவர்ஸில் என்னை நோக்கி வந்தது. ஹாரனை அமுக்கினேன். ஏற்கெனவே அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன். இன்னும் பலமாக அமுக்கினேன். முகம் இதமாக இருந்தது. வேன் வந்துகொண்டே இருந்தது. பிரேக்கைப் பிடித்து, "யோவ், பாத்து!" என்று திருச்சித் தொண்டையில் கத்தினேன். ஒரு முழ இடைவெளியில் வேன் நின்றது.

ஓட்டி வந்தவர் இறங்கி மன்னிப்புக் கேட்டார். ஏன் ஹாரன் அடிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். அது வேறு வேலையாக இருக்கிறது என்றேன். தன் ரேடியோவைவிட என் குரல் பலம் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மறைத்திருக்கலாம். ஆனால் என் வாய் எனக்குத் தெரியும். அன்று சாப்பாட்டின்போது நானே கணவரிடம் சொன்னேன். அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"ஹாரனையா கழட்டின?"

"ஆமாங்க."

"நாளைக்கு அண்ணா பாத்துட்டு சரின்னா ஓட்டு. அவர் வேணாம்னா வித்துடலாம். நீ சரின்னு சொல்றது கணக்குல கிடையாது."

மறுநாள் அண்ணா மூடியைத் திறந்து, என் டேப் உருண்டையை விரலால் தள்ளிப் பார்த்தார். கணவர் கைகட்டி நின்றார்.

"கள்ளன் வாறேல்லை எண்டு கதவைக் கழட்டி மேசை செய்த மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் அண்ணா.

ஹாரனுக்கு அதன் வயர்களைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடிக்குத் தனியாக ஒரு ஃபியூஸ், ஒரு சுவிட்ச், சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் ஒரு ரிலே. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கணவரிடம் சொன்னார்: "இனிப் பிழையில்லை. ஓடட்டும். ஆனா ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒளிச்சு வையுங்கோ."

"ஏற்கெனவே வச்சுட்டேன்" என்றார் கணவர்.

திங்கள்கிழமை நல்ல மழை. நெடுஞ்சாலையில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. மனுகாவ் தாண்டியபோது குளிர் கொஞ்சம் ஏறியதுபோல் இருக்க, என் கட்டைவிரல் தானாகப் போய்ப் பழைய பொத்தானை அமுக்கி, அங்கேயே சுகமாக உட்கார்ந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் மழையும் காற்றும் இரைந்ததில் வேறு எதுவும் காதில் விழவில்லை. முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாக எனக்கு வழிவிட்டு ஒதுங்கின. ஏதோ மரியாதை என்று நினைத்து, எல்லோருக்கும் தலையசைத்துக்கொண்டே போனேன்.