டிங்கர் கட்டிய பாதிப் பாட்டு

எங்கள் பட்டறையில் டிங்கர் என்று ஒருவன் இருக்கிறான். நசுங்கிய கார் கதவுகளைச் சுத்தியலால் தட்டி நேராக்குவது அவன் வேலை. தட்டும்போது பாடுவான், எல்லாம் சொந்தச் சரக்கு. ஒரு வரி பாடிவிட்டு நிறுத்துவான். அந்தப் பக்கம் பட்டி தேய்த்துக்கொண்டிருக்கும் பெயிண்டர் அடுத்த வரியைப் போடுவான், பெரும்பாலும் என்னைக் கிண்டல் செய்து. எஞ்சினுக்கு அடியில் படுத்தபடி நான் கத்துவேன். யார் கேட்டார்கள்?

அந்தப் பெயிண்டர் போன மாதம் தற்கொலை செய்துகொண்டான். முந்தின நாள் சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டு, "வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவனை என்ன செய்வது?

பட்டறையில் அவனுக்காக ஒரு கூட்டம் வைத்தோம். பாட்டுக் கட்டுகிறேன் என்று டிங்கர் ஒத்துக்கொண்டான். அன்று பிடித்தது எனக்குத் தலைவலி. தட்டுவான், ஒரு வரி பாடுவான், நிறுத்துவான். அதோடு சரி.

"ஏன்டா, பாட்டா பல்வலியா?"

"அடுத்த வரி வரமாட்டேங்குதுண்ணே. அது அவன்தான் போடுவான்."

இந்த லட்சணத்தில் பெயிண்டரின் மைத்துனன் வேறு வந்து நின்றான். "உடம்பு சரியில்லாம போயிட்டாருன்னு பாடிடுங்க. நாலு பேர் வர்ற இடம்."

"சளியா, காய்ச்சலா? அதையும் நீங்களே சொல்லிடுங்க" என்றேன். முறைத்தான். டிங்கரோ தலையாட்டி வைத்தான். யார் எதைச் சொன்னாலும் ஆட்டுகிற தலை.

ஞாயிற்றுக்கிழமை கார்களை வெளியே தள்ளிவிட்டு நாற்காலி போட்டோம். பெயிண்டரின் மனைவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். டிங்கர் ஒரு பழைய கதவை முன்னால் சாய்த்துவைத்துத் தட்டினான்.

"தங்கக் குணம் கொண்டவனே..."

நிறுத்தினான். பழக்கதோஷம், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே யார் இருக்கிறார்கள்? "நோயில விழுந்து போனவனே" என்று இழுத்தான்.

"நிறுத்துங்கண்ணே" என்றாள் அவள். "அவருக்கு என்ன நோய் கண்டீங்க? ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரேன்னு நான் தினம் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறேன். உங்களுக்குக் கோபமே வரலையா?"

மைத்துனன் எழுந்தான். "தம்பி, நீ உக்காரு" என்றாள்.

டிங்கர் சுத்தியலையே பார்த்தான். பிறகு ஓங்கித் தட்டினான்.

"வலிக்குதுன்னு சொல்றதுக்கு வாயா இல்ல உனக்கு?"

நிறுத்தினான். அடுத்த வரியைத் தேடவில்லை. அந்த இடத்தில் வெறுமனே தட்டினான்.

"பக்கத்துலதானேடா நின்னேன், கூப்பிட்டா ஆகாதா?"

மறுபடியும் தட்டல் மட்டும். அப்படியே போயிற்று பாட்டு முழுக்க. கேட்டது எல்லாம் கேள்வி, பதில் வரவேண்டிய இடத்தில் எல்லாம் சுத்தியல். அவள் வாய்விட்டு அழுதாள். மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். நான் மூக்கைச் சிந்தினேன், கையெல்லாம் கிரீஸ் நாற்றம்.

திங்கட்கிழமையே டிங்கர் பழையபடி ஆரம்பித்துவிட்டான். ஒரு வரி பாடுகிறான், நிறுத்துகிறான். மனிதன் எத்தனை நாள் பொறுப்பான்? நேற்று எஞ்சினுக்கு அடியிலிருந்து நானே அடுத்த வரியைப் போட்டேன்.

"ரொம்பக் கேவலமா இருக்குண்ணே" என்றான்.

இருந்துவிட்டுப் போகட்டும்.