அயனம்பாக்கம் ஏரியோரம் நின்றுபோன பிக்கப்

சென்ற சனிக்கிழமை அப்பாவின் பழைய டீசல் பிக்கப்பில் அவரோடு பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போய், அங்கே லோடு ஏற்றிக்கொண்டு, அயனம்பாக்கம் வழியாகப் பூந்தமல்லி போனேன். மொத்தம் முப்பது கிலோமீட்டர் இருக்கும். பழைய வண்டியோடு இந்த வழியில் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். அம்மாவின் போனில், எல்லோரும் தூங்கிய பிறகு.

ஆயுத பூஜைக்குப் பிறகு வண்டி அடிக்கடி வழியில் நிற்க ஆரம்பித்தது. இரண்டு முறை சரக்கு தாமதமாகப் போனது. இன்னொரு முறை தாமதமானால் வேறு வண்டி வைத்துக்கொள்வதாகப் பூந்தமல்லி குடோன் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இந்த லோடு கைவிட்டுப் போனால் வண்டியை விற்றுவிட்டு, என்னைச் செங்கல்பட்டு அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைப்பதாக வீட்டில் பேச்சு. நான் பிளஸ் டூ. நடுவில் பள்ளி மாற எனக்கு விருப்பமில்லை.

நான் போனதற்குக் காரணம் எளிது. வண்டி நின்றால் அப்பா பானெட்டைத் திறந்து கையால் டீசல் பம்ப் அடிப்பார். உள்ளே உட்கார்ந்து சாவி திருப்ப ஒரு ஆள் வேண்டும்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஆவடி சிக்னலில் இன்ஜின் சத்தம் மெல்ல இறங்கியது, வண்டி உதறியது, அணைந்தது. ஆவடி மெக்கானிக் போன வாரம்தான் டீசல் ஃபில்டரை மாற்றி, வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகமான ஐடிலிங்கையும் ஏற்றி வைத்திருந்தார். பத்து நிமிடம் ஓரமாக நின்ற பிறகு தானாகவே ஸ்டார்ட் ஆனது. திருமுல்லைவாயலில் ஐந்நூறு ரூபாய்க்கு டீசல் போட்டோம். அதன் பிறகு எஸ்டேட் வரை எந்த சிக்னலிலும் வண்டி உதறவில்லை. அதை நான் கவனித்தேன்.

எஸ்டேட்டில் அட்டைப்பெட்டிகளை ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அயனம்பாக்கம் ஏரியோரம் வந்ததும் மறுபடியும் நின்றது. ஓர் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னா அண்ணாத்தே, வண்டி ஏரிய சுத்திப் பாக்குதா?"

"சிரிச்சிகினே போ. உன் வண்டி நிக்கசொல்ல நானும் சிரிக்க வர்றேன்" என்றார் அப்பா.

பம்ப் அடித்தும் பலனில்லை. நான் மெதுவாகச் சொன்னேன்: "அப்பா, பங்க்ல டீசல் போட்டப்புறம் நல்லா ஓடுச்சில்ல?"

"டீசல் ஊத்துனா ஓடாம, பாட்டா பாடும்?"

"டீசல் இல்லப்பா. அங்க மூடியத் தொறந்தாங்க."

அவர் முறைத்தார். பிறகு போய் டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. சாவியைத் திருப்பினேன். இரண்டாவது தடவையிலேயே இன்ஜின் பிடித்தது. சீராக ஓடியது.

பூஜையன்று அப்பா வண்டியின் ஒரு பாகத்தையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். மூடியின் நடுவில் வைத்த பொட்டு, காற்று போக இருந்த சின்ன ஓட்டையில் இறங்கிக் காய்ந்துவிட்டது. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போகவில்லை. அதனால் இன்ஜினுக்கு டீசல் வரவில்லை. என் துப்பட்டா ஊக்கை வாங்கி அப்பா அந்த ஓட்டையைச் சுரண்டினார்.

"சாமிக்கு வெச்சது. இத்தனால வண்டி நின்னுச்சின்னு எவன்கிட்டயாவது சொன்னே, தோல உரிச்சிடுவேன். வண்டி ஸ்டாண்டுல ஒருத்தனும் உட மாட்டான், கலாய்ச்சே சாவடிப்பானுங்க."

வானகரம் நெரிசலில் இருபது நிமிடம் நின்றோம். நான் கியர் கம்பியின் நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் அணையவில்லை.

பூந்தமல்லி குடோனில் சூப்பர்வைசர், "இன்னாயா, இன்னிக்கு நேரத்துக்கு வந்துகீற?" என்றார்.

"வண்டி எப்பவும் நல்லாத்தான் சார் கீது. ரோடுதான் சரியில்ல" என்றார் அப்பா.

"சரி சரி. திங்கக்கெழமையும் நீயே வா."

உங்கள் வண்டியும் சில கிலோமீட்டர் ஓடிவிட்டு நின்று, சும்மா விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? ஐடிலிங்கில் கை வைப்பதற்கு முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று இழுக்கும் சத்தம் வந்து, வண்டியும் சரியானால் கோளாறு மூடியில்தான். சத்தம் வராவிட்டால் ஃபில்டரையும் டீசல் குழாயையும் பார்க்க வேண்டும். மூடியைத் தளர்த்தி வைத்தபடி ஓட்டாதீர்கள், டீசல் சிந்தும். வானகரத்தை ஒன்பது மணிக்கு முன் தாண்டிவிடுவது நல்லது.

செங்கல்பட்டுப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும்.